பரீட்சைக்குப் போன மண்

ஒரு ஏக்கர் அறுபது சென்ட். சரண்யாதேவியிடம் யார் பேச்சுக் கொடுத்தாலும் கொஞ்ச நேரத்தில் இந்த அளவு காதில் விழுந்துவிடும். கீழக்குயில்குடி பேருந்தின் நடத்துநருக்கு அது தெரியும். பசுமலைக் கல்லூரி கேன்டீனில் வடை வாங்க வரும் பிள்ளைகளுக்குத் தெரியும். ஒருமுறை கொசு மருந்து அடிக்க வந்த சுகாதாரப் பணியாளர் வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டதற்கு, "மூணு பேரு, அப்புறம் ஒரு ஏக்கர் அறுபது சென்ட்டு" என்று பதில் சொன்னாள். அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு மருந்தை அடிக்கப் போனார்.

அவளுக்கு வயது முப்பத்தாறு. கேன்டீனில் வடை மாஸ்டர். சிரிக்க ஆரம்பித்தால் பக்கத்தில் நிற்பவர்கள் எண்ணெய்ச் சட்டியிலிருந்து இரண்டடி தள்ளிப் போய்விடுவார்கள். கரண்டியும் அவளோடு சேர்ந்து குலுங்கும். அவள் பிறந்த வீட்டில் அப்பா, அம்மா, பெரியப்பா, அத்தைகள் என்று அத்தனை பேரும் விவசாயம்தான். நிலம்தான் ஒருவருக்கும் கிடையாது. அடுத்தவர் வயலில் நாற்று நட்டு, அடுத்தவர் களத்தில் நெல் தூற்றி, அடுத்தவர் வரப்பில் நடந்து வீட்டுக்கு வந்தவர்கள். நான்கு வருடத்துக்கு முன்னால் அவளும் புருஷன் பாண்டிராஜும் சீட்டுப் பிடித்து, நகையை விற்று, சமணர் மலைக்கு மேற்கே கரட்டடிப்பட்டியில் அந்த நிலத்தை வாங்கினார்கள். பட்டா வந்த அன்று அதைக் கைப்பேசியில் படம் எடுத்து கேன்டீன் முழுக்கக் காட்டினாள். டீ மாஸ்டர் மட்டும், "இதுல நீ எங்கக்கா நிக்கிற?" என்று கேட்டான்.

முதல் இரண்டு வருடம் உளுந்து. மூன்றாம் வருடம் மக்காச்சோளம். கோழித் தீவனத்துக்கு லாரி வைத்து வாங்கிப் போகிறார்கள் என்று ஊரே மக்காச்சோளத்துக்கு மாறியிருந்தது. முளைப்பு என்னவோ பட்டாளம் மாதிரி வரிசையாகத்தான் வந்தது. முழங்கால் உயரம் வளர்வதற்குள் குருத்து வெளுத்தது. நடுவில் விரியும் இளம் இலையெல்லாம் சுண்ணாம்பு அடித்த மாதிரி. எல்லோரும் படைப்புழு என்றார்கள், மருந்தடித்தார்கள். புழு இருந்தால்தானே சாகும்? செடி குட்டையாக நின்றது. கதிரை உரித்தால் பொக்கைவாய்.

அப்போதுதான் முத்திருளன் வந்தார். ரோட்டுக்கு அந்தப் பக்கம் செங்கல் சூளை வைத்திருப்பவர். "சத்தில்லாத மண்ணைக் கட்டிக்கிட்டு ஏன் தம்பி அழுகுற? நாலடி மண்ணு வெட்டிக்கிறேன், குத்தகையா குடு" என்று பாண்டிராஜிடம் கேட்டார். பாண்டிராஜ் குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி ஓட்டுபவன். செங்கல் லோடும் உனக்கே என்றார் முத்திருளன். மேல்மண் நாலடி போய்விட்டால் அப்புறம் அங்கே வளர்வது கருவேலமும், தேங்குகிற தண்ணீரில் கொசுவும்தான். அது ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஏற்கெனவே அப்படி மூன்று குழிகள் இருக்கின்றன.

வீட்டில் ஒரு வாரம் சண்டை நடந்தது. கடைசியில் பாண்டிராஜ் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னான்.

"மண்ணைக் கொண்டுபோய் லேப்ல குடு. சத்து இருக்குன்னு சொன்னா மக்காச்சோளம். இல்லேன்னா சூளை. ஆவணி முடியறதுக்குள்ள முத்திருளன் அண்ணனுக்குப் பதில் சொல்லணும்."

"வாக்கு மாற மாட்டீங்கள்ல?"

"நான் என்னைக்குடி மாறியிருக்கேன்?"

அது உண்மை. ஒரு தடவை சொல்லிவிட்டால் பாண்டிராஜ் மாறமாட்டான். தலைவலிக்கு மாத்திரை வேண்டாம் என்று சொல்லிவிட்டு மூன்று நாள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு திரிந்தவன்.

*

லேப் என்பது பசுமலையில் ஓர் அறக்கட்டளை நடத்தும் சிறிய மண் ஆய்வகம். அங்கே வேலை பார்க்கும் இந்துப்ரியா தினமும் காலையில் கேன்டீனுக்கு டீ குடிக்க வருவாள். மகால் பக்கம் பட்டுக்குச் சாயம் போட்ட சௌராஷ்டிரக் குடும்பத்துப் பெண். இப்போது வீடு ஆனையூரில். சாயத் தொட்டியைப் பார்த்து வளர்ந்ததால் வேதியியல் படித்தாள், வேதியியல் படித்ததால் மண்ணுக்கு வந்தாள். ஆனால் வயலில் கால் வைத்ததே இல்லை. மண் அவளிடம் பையில்தான் வரும்.

சரண்யா விஷயத்தைச் சொன்னதும் இந்துப்ரியா தேங்காய்ச் சட்னியில் விரலைத் தொட்டு மேசையில் கோணல்மாணலாக ஒரு கோடு இழுத்தாள்.

"இதுதான் உங்க நிலம்னு வைங்கக்கா. இப்படி வளைஞ்சு வளைஞ்சு நடக்கணும். பத்து இடத்துல முக்கால் அடி ஆழத்துக்குக் குழி. குழி ஓரத்துல மேலேருந்து கீழ வரைக்கும் ஒரே சீவு. வரப்பு ஓரம் வேணாம். மரத்தடி வேணாம். எரு கொட்டின இடம் கூடவே கூடாது. இரும்புச் சட்டி வேணாம், பிளாஸ்டிக் வாளி."

"பத்தையும் கலக்கணுமா?"

"கலந்து, வட்டமாப் பரப்பி, தோசையைக் கிழிக்கிற மாதிரி நாலாப் பிரிச்சு, எதிர் எதிர்த் துண்டு ரெண்டைத் தூக்கிப் போட்டுடணும். மிச்சத்தைத் திரும்பக் கலந்து, திரும்ப நாலு. அரைக் கிலோ நிக்கிற வரைக்கும். அப்புறம் நிழல்ல ரெண்டு நாள் காய விட்டு எடுத்துட்டு வாங்க."

"இம்புட்டுத்தானா? வடைக்கு மாவாட்டுறதே இதைவிடக் கஷ்டம்."

சனிக்கிழமை சரண்யா வாளியோடு நிலத்தில் இறங்கினாள். ஒன்பது குழிகளைச் சட்டப்படி தோண்டினாள். ஒன்பதாவது குழியில் மண் வெளிறிக் கிடந்தது. இதைப் போய் ஆய்வகத்தில் கொடுத்தால் என்ன ஆகும்? நிமிர்ந்தாள். அந்தப் பக்கம் பழைய எருக்குழி. மண் கருகருவென்று, பொலபொலவென்று, தொட்டால் கேக் மாதிரி. சுற்றிலும் பார்த்தாள். ஒரு கொக்கு மட்டும் நின்றது. அதுவும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டது. எருக்குழி யாருடையது? அதுவும் அந்த ஒரு ஏக்கர் அறுபது சென்ட்டுக்குள்தானே வருகிறது? பத்தாவது குழி அங்கே விழுந்தது.

வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் பழைய சேலையை விரித்து மண்ணைக் காயப் போட்டாள். மாமியார் முருகம்மாளைக் கூப்பிட்டுச் சொன்னாள்: "அத்தை, இது லேப்புக்குப் போகுது. கோழி வராமப் பாத்துக்கங்க. இதுல ஒண்ணும் விழக் கூடாது."

"எனக்குச் சொல்றியாக்கும்" என்றாள் முருகம்மாள். நூறு நாள் வேலையில் இருபது பெண்களை மேய்க்கிறவள். யாரும் அவளுக்குச் சொல்வதில்லை.

அந்த இரண்டு நாளும் கொட்டகைக்கு நிறைய பேர் வந்து போனார்கள். பாண்டிராஜ் ஸ்பேனர் தேடி வந்தான். ஆடு வளர்க்கும் சோணை கயிறு கேட்டு வந்தான். அவன் பாண்டிராஜின் கூட்டாளி. அறுப்பு முடிந்ததும் அந்த நிலத்தில்தான் அவனுடைய ஆடுகளை ராத்திரி அடைத்துக் கிடை போடுவான். முருகம்மாள் கோழி விரட்ட நாலைந்து தடவை வந்தாள். திங்கட்கிழமை மண்ணைப் பையில் அள்ளும்போது கொஞ்சம் வெளுத்த மாதிரி சரண்யாவுக்குத் தோன்றியது. காய்ந்தால் வெளுக்கத்தானே செய்யும் என்று பையைக் கட்டினாள்.

*

வெள்ளிக்கிழமை காலை கேன்டீனில் கூட்டம் நெரிந்தது. சட்டியில் வடை மிதந்துகொண்டிருந்தபோது இந்துப்ரியா ஆய்வகக் கோட்டைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்தாள்.

"அக்கா! அது என்ன மண்ணுக்கா?"

சரண்யாவின் கையில் கரண்டி நின்றது. "ஏன், என்னாச்சு?"

"மணிச்சத்து பாக்குறதுக்கு ஒரு கரைசல் ஊத்துவோம். நீலம் வரும். வெளிர் நீலம்னா கம்மி, கொஞ்சம் அடர்த்தின்னா நல்லது. உங்க மண்ணுக்கு மயில் கழுத்துக் கலர் வருது! எங்கப்பா பாத்திருந்தாருன்னா சேலையை முக்கியிருப்பாரு. மெஷின் படிக்க மாட்டேங்குது. மூணு தடவை தண்ணி சேத்துப் பாத்துட்டேன், அப்பவும் மயில் கழுத்து."

"நல்லதா, கெட்டதா?"

"தழைச்சத்து அதிகம். சாம்பல் சத்து அதிகத்துக்கும் அதிகம். நான் இந்த வேலைக்கு வந்து இப்படி ஒரு மண்ணைப் பாத்ததே இல்லைக்கா!"

வரிசையில் நின்ற பிள்ளைகளில் யாரோ கைதட்டினார்கள். ஒருவர் தட்டினால் எல்லோரும் தட்டுவார்கள், அது கல்லூரி. "அக்கா மண்ணு சென்டம்!" என்று ஒருவன் கத்தினான். அடுத்தவன் விசிலடித்தான். டீ மாஸ்டர் எல்லோருக்கும் அரை டீ இலவசம் என்று அறிவித்துவிட்டு, முதலாளி முகத்தைப் பார்த்ததும் அறிவிப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டான்.

"இருங்க, இருங்க" என்றாள் இந்துப்ரியா. "இன்னும் நான் ரிசல்ட்டு எழுதித் தரலை. கார நிலை ஒம்பதரைக்கு மேல காட்டுது. அவ்வளவு காரத்துல புல்லே வராதே. எனக்குத் தலை சுத்துது. ஞாயித்துக்கிழமை நானே நேர்ல வந்து பாக்கிறேன்."

இந்தப் பின்பாதியை யாரும் கேட்கவில்லை. செய்தி பேருந்தில் ஏறி, சரண்யாவுக்கு முன்னால் ஊருக்குப் போய்விட்டது. சாயங்காலம் அவள் இறங்கும்போது நிறுத்தத்திலேயே ஆள் நின்றது.

"ஏத்தா, ஒங்க மண்ணைப் பாத்து மிசினே வெடிச்சிருச்சாமுல்ல?"

"வெடிக்கலைக்கா, படிக்கலை."

"ரெண்டும் ஒண்ணுதான்."

சனிக்கிழமை முழுக்க நிலத்தில் திருவிழாதான். ஒருத்தி ரோஜாச் செடித் தொட்டிக்கு ஒரு சட்டி மண் கேட்டாள். ஒருவர் தன் தென்னைக்கு ஒரு பை. வேறொருவர் கொஞ்சம் வாயில் போட்டுப் பார்த்து, கண்ணை மூடிக்கொண்டு, "உப்பு கரெக்ட்டா இருக்கு" என்றார். முருகம்மாள் வரப்பில் தேங்காய் உடைத்தாள். வழக்கமாக ஒன்று உடைப்பவள் அன்று மூன்று உடைத்தாள். சோணை அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை. பாண்டிராஜ் போகிற வருகிறவர்கள் கை குலுக்கியதையெல்லாம் பள்ளியில் பரிசு வாங்கிய பையன் மாதிரி தலையைக் குனிந்தபடியே வாங்கிக்கொண்டான்.

முத்திருளனும் வந்தார். "தம்பி, இம்புட்டுச் சத்தான மண்ணுன்னு தெரியாமப் போச்சே. செங்கல்லு சும்மா இரும்பு மாதிரி வருமே!"

"செங்கல்லுக்கு எதுக்குண்ணே சத்து?" என்றாள் சரண்யா. "கட்டுன வீடு வருசா வருசம் ஒரு அடி வளரவா?"

கூட்டம் சிரித்தது. சரண்யாவும் சிரித்தாள். ஆனால் உள்ளுக்குள் ஒரு கரண்டி எண்ணெய் கொதித்துக்கொண்டிருந்தது. பத்தில் ஒரு குழி. ஒரே ஒரு குழி. அதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம்? அந்தப் பெண் நேரில் வந்து தோண்டினால் எல்லாம் வெளுத்துவிடுமே. திருட்டு மதிப்பெண் வாங்கிய மண்ணை அப்புறம் யார் காப்பாற்றுவது? பாண்டிராஜ் சொன்ன சொல் மாறாதவன்.

*

ஞாயிற்றுக்கிழமை காலை இந்துப்ரியா ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். பின்னால் பிளாஸ்டிக் வாளி, முன்னால் இரண்டு பாட்டில் காய்ச்சி வடித்த தண்ணீர், கழுத்தில் கார நிலை பார்க்க பேனா அளவுக்கு ஒரு மீட்டர். ஊர் பாதி வரப்பில் நின்றது. அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உழவு மண்ணில் கால் வைத்தாள். அவள் வாழ்க்கையில் அது முதல் தடவை.

"ஐயோ, கூசுது!" என்று கத்தினாள். கூட்டத்துக்கு அவளைப் பிடித்துப் போயிற்று.

ஒரு இடத்தில் மண்ணெடுத்துத் தண்ணீரில் கலக்கி மீட்டரை விட்டாள். எட்டே கால். இன்னோர் இடத்தில் எட்டே கால். மூன்றாவது இடத்தில் எட்டு புள்ளி மூன்று. நிமிர்ந்து நெற்றி வேர்வையைத் துடைத்தாள்.

"அக்கா, நீங்க எனக்குக் குடுத்தது இந்த மண்ணு இல்லை."

வரப்பில் நின்றவர்கள் கழுத்தை நீட்டினார்கள்.

"இல்ல, இதுதான் மண்ணு" என்றாள் சரண்யா. "பத்து இடத்துல..." அதற்கு மேல் அவளால் தாங்க முடியவில்லை. "ஒம்பது இடம் நீ சொன்ன மாதிரியே எடுத்தேன், இந்து. பத்தாவது மட்டும் எருக்குழியில எடுத்துட்டேன். ஃபெயிலாயிருமோன்னு பயந்துட்டேன்டி! ஒரே ஒரு குழி!"

இந்துப்ரியா இடுப்பில் கை வைத்து யோசித்தாள். "பத்துல ஒண்ணுக்கு இவ்வளவு ஏறாதுக்கா. அதுவும் எரு போட்டா இந்தக் காரம் வரவே வராது. வேற யாரோ, வேற எதையோ போட்டிருக்காங்க."

முருகம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"இந்தா பாப்பா, என்னைய ஒண்ணும் அப்பிடிப் பாக்காத. பரீட்சைக்குப் போற புள்ளைய நெத்தியில துன்னூறு பூசாமயா அனுப்புவாக? கருப்புசாமி கோயில் துன்னூறு. கொஞ்சூண்டு."

"கொஞ்சூண்டுன்னா எவ்வளவும்மா?"

"மண்ணுக்கு நெத்தி எதுன்னு தெரியலை. அதான் எல்லாப் பக்கமும் தூவுனேன். ரெண்டு கை."

"ரெண்டு கையா!"

"மறுநா ஒரு கை."

"சாணிச் சாம்பல்!" இந்துப்ரியா காற்றில் விரலால் எழுதிப் பார்த்துக்கொண்டாள். "அதான் காரம். அதான் சாம்பல் சத்து. சரி, அப்ப தழைச்சத்து எங்கேருந்து வந்துச்சு?"

கூட்டத்தின் கடைசியில் யாரோ மெதுவாக நழுவினார்கள். முருகம்மாள் திரும்பாமலேயே கூப்பிட்டாள். "ஏலே சோணை. கயிறு வாங்க வந்தவன் கயிறை எடுக்காமப் போனியே, அப்பவே நெனைச்சேன்."

சோணை திரும்பி வந்து தலையைச் சொறிந்தான். "சூளைக்காரன் வெட்டிப்புட்டான்னா என் ஆடுக எங்க போயி படுக்கும்? புழுக்கையை உரல்ல இடிச்சு, சலிச்சு, மாவாக்கித்தான் தங்கச்சி போட்டேன். சும்மா ரெண்டு கிண்ணம். மண்ணோட மண்ணாத்தானே கலந்துச்சு?"

"அண்ணே, அது அரைக்கிலோ மண்ணு!" சரண்யாவுக்குச் சிரிப்பு மூக்கு வழியாக வந்தது. "ரெண்டு கிண்ணம் புழுக்கை, மூணு கை துன்னூறு. அதுல என் மண்ணு எங்கண்ணே இருந்துச்சு?"

வரப்பு குலுங்கியது. ஒருவர் சிரித்துச் சிரித்து வரப்பிலிருந்தே விழுந்தார். இந்துப்ரியா கண்ணைத் துடைத்துக்கொண்டு கையை உயர்த்தினாள்.

"இன்னும் முடியலை. மணிச்சத்து. அந்த மயில் கழுத்து. துன்னூறுலயோ புழுக்கையிலயோ அந்த நீலம் வராது. உரக்கடைச் சரக்குதான். டிஏபி. யாரு?"

சரண்யா சுற்றிலும் பார்த்தாள். முருகம்மாள் இல்லை என்று தலையாட்டினாள். சோணை ஆட்டின் மேல் சத்தியம் செய்தான். அப்போது எல்லோர் கண்ணும் ஒரே பக்கம் போனது. ரோட்டோரம் குட்டியானைப் பக்கத்தில் குத்த வைத்து உட்கார்ந்து, பாண்டிராஜ் டயரில் காற்று இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான். அதே டயரை அவன் கால் மணி நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாமா?" என்றாள் சரண்யா.

டயர் பதில் சொல்லவில்லை.

"மாமா, நீங்களா?"

அவன் எழுந்தான். காது மடல் சிவந்திருந்தது. "ஒரு கைப்பிடி. பொடிச்சுப் போட்டேன்."

"சூளைக்குக் குடுக்கணும்னு குதிச்சது நீங்கதானே! லேப்ல குடுன்னு சொன்னது நீங்கதானே!"

"ஆமா, சொன்னேன். சொல்லிட்டேன்ல." பாண்டிராஜ் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான். "சொன்ன வாக்கை எப்பிடித் திருப்புறது? மண்ணு பாஸாயிருச்சுன்னா நான் திருப்ப வேண்டியதில்லேல்ல."

சரண்யாவுக்கு இப்போது சிரிப்பு வரவில்லை. ஒரு வாரம் முழுக்க இந்த ஆளோடுதான் சண்டை போட்டிருக்கிறாள், தனியாக ஒரு நிலத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு. அப்புறம் குனிந்து ஒரு மண்ணாங்கட்டியை எடுத்து அவன் மேல் எறிந்தாள். அது அவன் தோளில் பட்டு உடைந்தது.

"மாப்ள," என்றான் சோணை, "அடி வாங்குனது நீ. நிலத்துக்கு இனி வெட்டு விழாதுன்னு அர்த்தம்."

*

மறுபடி மாதிரி எடுத்தார்கள். இந்த முறை இந்துப்ரியாவே தோண்டினாள். ஊர் முழுக்கக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றது. அது அவள் போட்ட சட்டம். பத்து குழி, நாலாகப் பிரித்தல், எதிர் எதிர்த் துண்டுகளைக் கழித்தல் எல்லாம் சட்னிக் கோட்டில் காட்டிய மாதிரியே நடந்தது. காயப் போடுவதைக்கூட ஆய்வகத்திலேயே வைத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டாள்.

முருகம்மாளுக்கு மனம் ஆறவில்லை. "பைக்கு வெளியிலயாவது ஒரு கீத்து?"

"வேணாம்மா. எனக்குப் பூசுங்க" என்று இந்துப்ரியா நெற்றியைக் காட்டினாள்.

ஆவணி முடிய மூன்று நாள் இருந்தது. முத்திருளன் இரண்டு தடவை போன் அடித்தார். பாண்டிராஜ் வண்டி ஓட்டுவதாக இரண்டு தடவை சொன்னான், இரண்டு தடவையும் வீட்டில் படுத்திருந்தான். சரண்யா கேன்டீனில் ஒரு ஈடு வடையைக் கருக்கினாள். கருகியதைப் பிள்ளைகள் ஒன்றும் சொல்லாமல் தின்றார்கள். அவர்களுக்கும் ரிசல்ட் தெரிய வேண்டியிருந்தது.

புதன்கிழமை இந்துப்ரியா வந்தாள். ஓடி வரவில்லை, நடந்து வந்தாள். அதைப் பார்த்ததுமே சரண்யா அடுப்பைக் குறைத்தாள். பாண்டிராஜைக் கைப்பேசியில் பிடித்து, ஒலியைக் கூட்டி, மாவுச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"பாஸா, ஃபெயிலா?" என்றது கைப்பேசி.

"அண்ணே, காய்ச்சல் வந்த புள்ளைக்கு யாராவது பாஸ் ஃபெயில் போடுவாங்களா?" என்றாள் இந்துப்ரியா. "தழைச்சத்து கம்மி. அது இங்க எல்லா மண்ணுலயும் கம்மிதான். மட்கு கம்மி. சோணை அண்ணன் ஆட்டை நல்லாக் கிடை போட்டாலே ஏறிடும், இடிச்சுச் சலிக்க வேணாம். சாம்பல் சத்து போதும். இப்ப முக்கியமான விஷயம். துத்தநாகம் ரொம்பக் கம்மி. அதனாலதான் போன வருஷம் குருத்து வெளுத்துச்சு. புழு இல்லை, ராசி இல்லை, ஒண்ணும் இல்லை."

"போட்டா சரியாயிருமா?" என்றாள் சரண்யா.

"ஜிங்க் சல்பேட். மணல்ல கலந்து விதைக்கும்போது தூவினா சரியாப் போகும். ஆனா மணிச்சத்து தேவைக்கு மேல கிடக்கு. அது கூடிப்போனா செடியால துத்தநாகத்தை எடுக்க முடியாது. கலப்படம் இல்லாத மண்ணுலயே இவ்வளவு நீலம்னா, வருஷா வருஷம் யாரோ டிஏபியை அள்ளிக் கொட்டியிருக்காங்க. யாருண்ணே அது?"

கைப்பேசிக்குள் வண்டி ஹாரன் அடித்தது. அப்புறம் பாண்டிராஜ் சொன்னான்: "பாசத்துல போட்டேன்."

கேன்டீனே வெடித்தது. சரண்யா மாவுக் கையோடு இந்துப்ரியாவைக் கட்டிப்பிடித்தாள். ஆய்வகக் கோட்டின் முதுகில் ஐந்து விரல் உளுந்து மாவு பதிந்தது. பிள்ளைகள் மேசையைத் தட்டினார்கள். டீ மாஸ்டர் மறுபடியும் இலவச டீ அறிவித்தான். இந்த முறை முதலாளியின் முகத்தைப் பார்க்கவேயில்லை.

பாண்டிராஜ் அன்று சாயங்காலமே சூளைக்குப் போனான். தானே போக வேண்டும் என்று பிடிவாதம். சரண்யா வண்டியில் கூடவே போய், இறங்காமல் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டாள்.

"என்ன தம்பி, மண்ணு என்னாச்சு? பெயில்னா நாளைக்கே ஜேசிபி அனுப்புறேன்" என்றார் முத்திருளன்.

"மருந்து எழுதிக் குடுத்திருக்காகண்ணே. மருந்து குடிக்கிற ஆளைக் கொண்டாந்து சூளையில தள்ள முடியுமா?"

"வாக்குச் சொன்னியேப்பா."

"சத்து இல்லேன்னாத்தான் தாரேன்னு சொன்னேன். அதுல இல்லாதது ஒண்ணே ஒண்ணுதான், அதுவும் உரக்கடையில மூட்டையில கிடைக்குது. வாக்கு அப்படியேதான் இருக்கு, நான் மாறலை" என்றான் பாண்டிராஜ். வண்டிக்குள் சரண்யா சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள்.

முத்திருளன் அவனைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், குலுங்கும் வண்டியை மறுபடி பார்த்தார். "சரி, போ. அறுப்புக்கு அப்புறம் சோளத்தட்டையாவது எனக்குக் குடு, மாட்டுக்கு ஆகும்" என்றார். பாண்டிராஜ் அதற்கும் வாக்குக் கொடுத்தான்.

ஜிங்க் சல்பேட் இருபத்தைந்து கிலோ வாங்கியாயிற்று. டிஏபி இந்த வருடம் ஒரு மூட்டைகூட இல்லை. வருகிற திங்கட்கிழமை காலை விதைப்பு. சரண்யாதேவி கேன்டீனில் இரண்டு நாள் லீவு சொல்லியிருக்கிறாள்.